கடலில் முதல் பனித்துகள் எங்கிருந்து வருகிறது?

எங்கள் தெருக்கோடி வீட்டுத் தம்பி திரெங்கானுவில் கடலறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். போன வாரம் அவர் அனுப்பிய கேள்வி இது: "மாமா, அண்டார்க்டிகாவில் கடல்நீர் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்து, அப்படியும் திரவமாகவே இருக்கிறது, அதற்குள் குட்டிக் குட்டிப் பனித் தட்டுகள் உருவாகி மிதக்கின்றன என்று விரிவுரையில் சொன்னார்கள். சுத்தமான தண்ணீர் தானாக உறைய மைனஸ் 38 டிகிரி வரை போகவேண்டும் என்றும் சொன்னார்கள். கடலோ உறைநிலைக்குக் கீழே ஒரு டிகிரியில் நூறில் சில பங்குதான் இறங்குகிறது. அப்படியென்றால் முதல் துகள் எப்படிப் பிறக்கிறது? பிறந்தபின் எப்படி வளர்கிறது? நீங்கள் எண்ணெய் ஆலையில் படிகத்தோடுதானே முப்பது வருஷம் இருந்தீர்கள்?"

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறாய். அந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று உனக்குத் தோன்றியதே, அதுதான் இந்த விஷயத்தின் நடுமையம். சுருக்கமான பதில்: திறந்த கடலில் முதல் துகள் தண்ணீருக்குள் பிறப்பதே இல்லை. மேலேயிருந்தோ பக்கத்திலிருந்தோ ஏற்கெனவே பனியாக இருக்கும் ஒரு துணுக்கு உள்ளே வந்து விழுகிறது. அது வளர்கிறது, மற்றதோடு மோதி உடைகிறது, உடைந்த ஒவ்வொன்றும் இன்னொரு விதையாகிறது. விரிவான பதிலுக்கு நான் ஆலையிலிருந்து தொடங்குகிறேன். பனியைவிட எண்ணெய்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் வேலை செய்தது செம்பனை எண்ணெயை இரண்டாகப் பிரிக்கும் பகுதியில். சுத்திகரித்த எண்ணெயை 70 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, பெரிய தொட்டியில் விட்டு, துடுப்பால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே பல மணி நேரம் குளிரவைப்போம். 20 டிகிரியை ஒட்டி வரும்போது ஸ்டியரின் என்ற கெட்டிக் கொழுப்பு படிகமாகி எண்ணெய் முழுவதும் கஞ்சிபோல நிற்கும். அதை வடிகட்டியில் அழுத்தினால் தெளிவாக இறங்குவது ஒலீன். நம் வீட்டில் வாங்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் அதுதான். சரி, குளிரவைக்கப்போகிற எண்ணெயை எதற்கு முதலில் 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்? பழைய படிகம் ஒரு துணுக்குகூட மிஞ்சக்கூடாது என்பதற்காக. மிஞ்சினால் நாம் நினைக்காத நேரத்தில், நினைக்காத இடத்தில் அது வளரத் தொடங்கிவிடும். எண்ணெய்க்கு ஞாபகம் உண்டு, அதை முதலில் அழி என்பார்கள் எங்கள் பெரியவர்கள்.

ஓர் இரவு ஷிப்ட்டில், பழுது பார்த்து மாட்டிய துடுப்பு வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியதை யாரும் கவனிக்கவில்லை. விடியற்காலையில் வடிகட்டி அடைத்துக்கொண்டது. பிளேட்டைத் திறந்தால் காய்ந்த வில்லையாக விழவேண்டியது, ரொட்டி சானாய் மாவுபோல எண்ணெய் சொட்டச் சொட்டத் தொங்கியது. ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். வழக்கமாக உருண்டை உருண்டையாக, தனித்தனியாகத் தெரியும் படிகங்கள் அன்று வெறும் தூளாக இருந்தன. அதே எண்ணெய், அதே குளிர். கலக்கிய வேகம் மட்டும்தான் வேறு. வளர்ந்த படிகங்கள் ஒன்றோடொன்று இடித்து உதிர்த்த துணுக்குகள் எல்லாம் தனித்தனிப் படிகங்களாகியிருந்தன. அந்த இரவை நினைவில் வைத்துக்கொள். தென்துருவக் கடலில் நடப்பதும் அதேதான்.

இப்போது உன் மைனஸ் 38க்கு வருவோம். தண்ணீரின் மூலக்கூறுகள் எப்போதும் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்துகொண்டே இருக்கின்றன. தற்செயலாகச் சில, பனியின் ஒழுங்கில் அடுக்கிக்கொள்ளும். ஆனால் அந்தச் சின்ன அடுக்கில் வெளித்தோலில் இருப்பவை அதிகம், உள்ளே இருப்பவை குறைவு. வெளியே இருப்பவற்றுக்குப் பிடிமானம் பாதிதான். அதனால் மிகச் சிறிய துகள், உறைநிலைக்குக் கீழே இருந்தாலும்கூட உருகிப்போகும். குறிப்பிட்ட ஓர் அளவைத் தாண்டினால்தான் அது நிலைத்து வளரும். அந்த அளவு எவ்வளவு என்பது குளிர்ச்சியைப் பொறுத்தது. குளிர் கூடக்கூட அந்த அளவு சிறுக்கும்.

கணக்குப் போட்டுப் பார். மைனஸ் 38இல் சில நூறு மூலக்கூறுகள் சேர்ந்தாலே போதும், நிலைத்துவிடும். சில நூறு பேர் தற்செயலாக வரிசையில் நிற்பது நடக்கக்கூடியது. கடலில் கிடைக்கும் குளிர்ச்சி, உறைநிலைக்குக் கீழே 0.05 டிகிரி என்று வை. அப்போது நிலைக்கத் தேவையான துகளின் ஆரம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேட்பதற்குச் சின்னதுதான். ஆனால் அதற்குள் நூறு பில்லியனுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. அத்தனையும் தற்செயலாக ஒரே நேரத்தில் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள, பிரபஞ்சத்தின் வயசு போதாது.

தூசியின் மேல் ஒட்டிக்கொண்டு தொடங்கக்கூடாதா என்று அடுத்து கேட்பாய். மேகத்தில் அப்படித்தான் நடக்கிறது. மண்துகள், சில பாக்டீரியாக்கள் எல்லாம் பனிக்குப் பாய் விரித்துக் கொடுக்கும். ஆனால் அவற்றில் மிகக் கெட்டிக்காரத் துகளுக்கே உறைநிலைக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி தேவைப்படும். பெரும்பாலானவற்றுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். 0.05 டிகிரியில் அவையும் கைவிரித்துவிடும். மிஞ்சுவது ஒன்றே ஒன்று: பனியே விதையாக வரவேண்டும்.

எங்கிருந்து வரும்? குளிர்காலத்து அண்டார்க்டிகக் கரையில் காற்று மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரியில் கண்டத்தின் உச்சியிலிருந்து கடலை நோக்கி இறங்கி வீசும். அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் அந்தக் காற்றிலேயே உறைந்து, பனித்துளியாகத் திரும்பக் கடலில் விழுகின்றன. காற்று அடித்துக்கொண்டு வரும் பனித்தூள் விழுகிறது. கடலிலிருந்து எழும் நீராவி உறைந்து விழுகிறது. பக்கத்தில் மிதக்கும் பழைய பனியின் ஓரம் தேய்ந்து கலக்கிறது. இவையெல்லாம் ஒரு மைக்ரானைவிடப் பெரியவை. அதனால் விழுந்த கணத்திலேயே அவற்றுக்கு உயிர் உறுதி. கடல் ஏன் நூறில் சில பங்கு டிகிரிக்கு மேல் மீக்குளிர்ச்சி (உறைநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே இருப்பது) அடைவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். விதை எங்கும் இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் அவை வேலையைத் தொடங்கிவிடுகின்றன, இறங்கவிடுவதில்லை.

வளர்ச்சிக்கு வருகிறேன். இதில் பலர் தடுமாறுவது ஓரிடத்தில்: குளிர் பனியை வளர்க்கிறது என்று நினைத்துவிட்டு, பனி உருவாகும்போது வெப்பம் வெளியே வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு கிராம் தண்ணீர் பனியாகும்போது 334 ஜூல் வெளிப்படுகிறது. அதே ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பம் அது. ஆக, ஒரு படிகம் வளர வேண்டுமானால் அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் வாங்கிக்கொண்டு போகவேண்டும். 0.05 டிகிரி மீக்குளிர்ந்த ஒரு கிலோ கடல்நீரில் அப்படி வாங்கிக்கொள்ளும் கொள்ளளவு ஏறத்தாழ 200 ஜூல். அதைக் கொண்டு 0.6 கிராம் பனிதான் உருவாக முடியும். அதற்கு மேல் உருவாக வேண்டுமென்றால் மேலே காற்று வெப்பத்தைத் தொடர்ந்து உறிஞ்சவேண்டும். படிகம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைத் தீர்மானிப்பது இந்த வெப்பப் போக்குவரத்துதான்.

வடிவமும் அங்கிருந்துதான் வருகிறது. இந்தக் கடல் துகள்கள் ஊசியாகவோ நட்சத்திரமாகவோ இருப்பதில்லை, வட்டத் தட்டாக இருக்கின்றன. குறுக்களவு சில நூறு மைக்ரானிலிருந்து சில மில்லிமீட்டர் வரை, கனம் அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. அப்பளத்தை நினைத்துக்கொள், ஆனால் கண்ணாடி அப்பளம், மிளகைவிடச் சின்னது. பனியின் மூலக்கூறுகள் அறுகோணத் தளங்களாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியவை. தட்டின் மேல்முகமும் கீழ்முகமும் அந்தத் தளங்கள். மூலக்கூறு அளவில் அவை மழுமழுவென்று இருக்கும். புதிதாக வரும் மூலக்கூறுக்கு அங்கே பற்றிக்கொள்ளப் படியும் கிடையாது, பொந்தும் கிடையாது. ஓரமோ கரடுமுரடானது, வந்தவரெல்லாம் உட்காரலாம். அதனால் ஓரம் வேகமாக வெளியே ஓடுகிறது, முகம் மெதுவாகத் தடிக்கிறது. ஓரமெங்கும் வெப்பம் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறுவதால் வட்டமாக ஓடுகிறது.

தட்டு பெரிதாக ஆக, அந்த வட்டம் நிலைக்காது. ஓரத்தில் தற்செயலாக ஒரு சின்ன மேடு வந்தால் அது குளிர்ந்த தண்ணீருக்குள் கொஞ்சம் கூடுதலாக நீட்டிக்கொண்டு நிற்கும், அதனால் இன்னும் வேகமாக வளரும். ஓரம் பூவிதழ்போல நெளியும், பிறகு கிளை விடும். இங்கே உப்பும் சேர்ந்துகொள்கிறது. பனி தன் அடுக்குக்குள் உப்பை ஏற்காது, வெளியே தள்ளும். தள்ளிய உப்பு ஓரத்திலேயே தேங்கி நிற்கும். ஏனென்றால் தண்ணீரில் வெப்பம் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் உப்பு பரவுவது ஏறத்தாழ 200 மடங்கு மந்தம். தேங்கிய உப்பு அந்த இடத்தின் உறைநிலையை இன்னும் தாழ்த்தும். தூரத்தில் உள்ள தண்ணீர் 0.05 டிகிரி மீக்குளிர்ந்திருந்தாலும், படிகத்தின் விளிம்பு உணர்வது அதைவிடக் குறைவு. நன்னீரில் வளர்வதைவிடக் கடல்நீரில் துகள் மெதுவாகத் தடிப்பதற்கு இது ஒரு காரணம். தண்ணீர் கலங்கிக்கொண்டே இருந்தால் அந்த உப்புப் போர்வை மெலியும். அதனால்தான் காற்றும் அலையும் இந்தக் கதையில் இத்தனை முக்கியம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏரி வேறு, கடல் வேறு. நன்னீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி அடையும். அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலேயே தங்கிவிடும். அதனால் ஏரியின் மேல்தோல் சீக்கிரம் உறைந்து மூடிக்கொள்ளும். ஒரு கிலோவில் 24.7 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் இந்தக் குணம் போய்விடும். கடலில் 35 கிராமை ஒட்டி இருக்கிறது. உறைநிலையான மைனஸ் 1.9 வரை குளிரக் குளிரக் கனமாகிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு தடிமனான அடுக்கு முழுவதும் உறைநிலைக்கு வந்து நின்ற பிறகுதான் வெப்பநிலை அதற்கும் கொஞ்சம் கீழே நழுவும். துகள்கள் மேல்தோலில் மட்டும் இல்லாமல் பல மீட்டர் ஆழம் வரை மிதந்து அலைவது இதனால்தான்.

அலைவதால் மோதுகின்றன. பெரிய தட்டு மெதுவாக மேலே ஏறும், சின்னது தண்ணீரோடேயே போகும். வேகம் வேறுபட்டால் இடிக்காமல் முடியாது. இடிக்கும்போது விளிம்பிலுள்ள நுண்ணிய மேடுகள் உதிர்கின்றன. நீரோட்டத்தின் இழுப்பாலும் உதிர்கின்றன. உதிர்ந்தது ஒரு மைக்ரானுக்கு மேல் இருந்தால் அதுவும் ஒரு தட்டாக வளரும். ஒன்று பத்தாகும், பத்து நூறாகும். ஆய்வகத் தொட்டியில் உப்புநீரைக் கலக்கிக்கொண்டே குளிரவைத்து வெப்பநிலையை வரைந்தால் கோடு உறைநிலையைத் தாண்டி இறங்கும். விதை விழுந்ததும் கொஞ்ச நேரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு துகள்களின் எண்ணிக்கை மடமடவென்று ஏற, அவை விடும் வெப்பம் குளிர்விப்பை மிஞ்சி, கோடு திரும்பி மேலே ஏறும். கடைசியில் உறைநிலைக்கு ஒரு மயிரிழை கீழே வந்து தங்கிவிடும். எங்கள் எண்ணெய்த் தொட்டியின் தாளிலும் இதே வளைவுதான் வரும். அந்தத் திருப்பத்தைக் கண்டால்தான் ஆபரேட்டர் நிம்மதியாகத் தே தாரே குடிக்கப் போவார்.

இந்தத் துகள்களுக்கு ஃப்ரேசில் என்று பெயர் வைத்தவர்கள் கனடாவின் பிரெஞ்சுக்காரர்கள். கொல்லன் உலையில் மிஞ்சும் கரித்துகளுக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லிலிருந்து வந்தது. ஆற்றில் மிதக்கும் பனித்தூள் அவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. மீக்குளிர்ந்த நீரில் இருக்கும்வரை இந்தத் துகள் பட்ட இடமெல்லாம் ஒட்டும். இன்னொரு துகளோடு ஒட்டும், கல்லோடு ஒட்டும், இரும்புக் கம்பியோடு ஒட்டும். நீர்மின் நிலையங்கள் தண்ணீர் உறிஞ்சும் வாயிலில் உள்ள கம்பிச் சட்டத்தில் ஒரே இரவில் அடைத்துக்கொள்ளும். மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஹோவர்ட் பார்ன்ஸ் இதற்காகவே 1906இல் ஒரு புத்தகம் எழுதினார். கம்பியை உறைநிலைக்கு மேலே மிகச் சிறிதளவு சூடாக்கினாலே துகள் ஒட்டாது. நூறில் சில பங்கு டிகிரியில் நடக்கும் விளையாட்டு என்பதால் அதே அளவு சூட்டில் நின்றும்விடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இது.

கடலில் இது நடக்கும் இடங்கள் இரண்டு வகை. முதலாவது, காற்று பனியை ஒதுக்கித் திறந்துவைத்த கடல். சாதாரணமாகக் கடல்மேல் ஒரு மீட்டர் பனி மூடிவிட்டால் அது கம்பளிபோல வெப்பத்தைத் தடுக்கும், அப்புறம் உறைவது மந்தமாகிவிடும். ஆனால் அண்டார்க்டிகாவின் டெர்ரா நோவா வளைகுடாபோன்ற இடங்களில் மலையிலிருந்து இறங்கும் காற்று உருவான பனியை உடனுக்குடன் வெளிக்கடலுக்குத் தள்ளிவிடுகிறது. தண்ணீர் திறந்தே கிடக்கிறது, சதுர மீட்டருக்குப் பல நூறு வாட் வெப்பம் போய்க்கொண்டே இருக்கிறது, ஃப்ரேசில் விளைந்துகொண்டே இருக்கிறது. காற்றின் திசையில் வெள்ளைக் கோடுகளாக அது சேரும். சேர்ந்து கடல்மேல் கொழகொழவென்று படர்ந்தால் அலைகூட அடங்கும். பிறகு அலையின் ஆட்டத்தில் வட்ட வட்டமாகத் திரண்டு, ஓரம் தூக்கிய தோசைபோல ஒன்றோடொன்று உரசும். அது வெளியே தள்ளும் உப்பு தண்ணீரைக் கனமாக்கி அடியில் இறக்குகிறது. உலகப் பெருங்கடல்களின் அடித்தளத்தில் பரவியிருக்கும் குளிர்நீர் இப்படிப்பட்ட சில இடங்களிலிருந்து கிளம்பியதுதான். ஒரு மில்லிமீட்டர் தட்டின் விளிம்பில் தேங்கிய உப்பு என்று முன்பே சொன்னேனே, அது பூமத்திய ரேகையைத் தாண்டியும் பயணம் போகிறது.

இரண்டாவது வகை இன்னும் வியப்பானது. அங்கே காற்றே தேவையில்லை. கண்டத்திலிருந்து கடலுக்குள் நீட்டி மிதக்கும் பெரும் பனித்தட்டுகள் (நம் குட்டித் தட்டுகள் அல்ல, ஆங்கிலத்தில் ஐஸ் ஷெல்ஃப்) நூற்றுக்கணக்கான மீட்டர் கனமானவை. அழுத்தம் கூடினால் உறைநிலை தாழும், 100 மீட்டர் ஆழத்துக்கு 0.075 டிகிரி வீதம். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் உறைநிலை மைனஸ் 2.65ஐ ஒட்டி இருக்கும். அங்கே போய்ச் சேரும் மைனஸ் 1.9 டிகிரி கடல்நீர் பனிக்குச் சூடான தண்ணீர், பனியை அடியில் உருக்கிவிடும். உருக்கியதில் தானும் குளிரும், உப்பும் குறையும். மைனஸ் 2.2 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள். உப்புக் குறைந்ததால் இலேசாகிப் பனித்தட்டின் அடியை ஒட்டியே சரிந்து மேலே ஏறும். 300 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் அங்கே உறைநிலை மைனஸ் 2.1 அளவில். மைனஸ் 2.2 டிகிரி தண்ணீர், யாரும் குளிர்விக்காமலேயே, வெறுமனே மேலே ஏறியதால் மீக்குளிர்ந்த தண்ணீராகிவிட்டது. அதில் தட்டுகள் விளைகின்றன. தட்டுகள் விளைந்தால் அந்தக் கலவை இன்னும் இலேசாகும், இன்னும் வேகமாக ஏறும், இன்னும் விளையும். ஆழத்தில் உருக்கி ஆழமில்லாத இடத்தில் உறையவைக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பனிப் பம்பு என்றே பெயர். ஃபில்ஷ்னர்-ரோன்னே என்ற பனித்தட்டின் அடியில் சில இடங்களில் இப்படிச் சேர்ந்த கடற்பனி 300 மீட்டருக்கும் மேல் தடித்திருக்கிறது. எல்லாம் சில மில்லிமீட்டர் தட்டுகள் மேலே மிதந்து போய்ப் படிந்தவை.

ராஸ் பனித்தட்டின் ஓரத்தில் உள்ள மெக்மர்டோ கடற்பகுதிக்கும் அந்தத் தண்ணீர் வந்துசேர்கிறது. அங்கே கடல்பனியின் அடியில் உள்ளங்கை அகலத் தட்டுகள் தாறுமாறாகக் குத்திட்டு நிற்கும். கேப்டன் ஸ்காட் காலத்துப் பயணிகள் கடலில் இறக்கிய கயிற்றை இழுத்தால் அதில் பனித் தட்டுகள் கொத்துக்கொத்தாக ஒட்டி வரும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஸ்காட் தளம் இருப்பது அங்கேதான். நம் மலேசிய ஆய்வாளர்கள் அண்டார்க்டிகாவுக்குப் போகத் தொடங்கியதும் நியூசிலாந்தின் துணையோடுதான். மலேசியா 2011இல் அண்டார்க்டிக உடன்படிக்கையில் சேர்ந்தும்விட்டது. தம்பி, இந்தத் துறையில் உனக்கு மனசு இருந்தால் வழி அடைபட்டுக் கிடக்கவில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

மீன்களைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. சாதாரண மீனின் இரத்தத்தில் உப்பு கடலைவிடக் குறைவு, மைனஸ் 1 டிகிரிக்கு முன்பே அது உறைந்துவிடும். மெக்மர்டோவின் தண்ணீரோ மைனஸ் 1.9. அங்கே வாழும் மீன் தண்ணீரைக் குடிக்கும்போதே ஃப்ரேசில் துகளையும் சேர்த்து விழுங்குகிறது. ஒரு விதை போதுமே, உடம்பெல்லாம் உறைவதற்கு. ஆனால் அது நிம்மதியாக நீந்துகிறது. ஆர்தர் டிவ்ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களின் இறுதியில் இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தார். மீனின் இரத்தத்தில் உள்ள ஒரு வகைச் சர்க்கரைப் புரதம் பனித்துகளின் மேல் ஆங்காங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மட்டும்தான் பனி புடைத்து வளர முடியும். புடைப்பு மிகக் கூர்மையாக வளைந்திருக்கும், அப்படி வளைந்த பனிக்கு உறைநிலை தாழ்வு. சின்னத் துகள் உருகிவிடும் என்று மேலே பார்த்தோமே, அதே விதிதான். அந்தக் குளிரில் அதற்கு மேல் அது வளரவே முடியாது. கடல் எந்த விதியால் முதல் துகளைத் தானே பெற முடியாமல் நிற்கிறதோ, அதே விதியைப் பிடித்துக்கொண்டு மீன் பிழைக்கிறது.

இதையெல்லாம் பந்திங்கில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியுமா என்றால், பெருமளவு முடியும். மோரிப் கடற்கரைத் தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்தால் என்ன, அடுப்படியில் ஐஸ் இருக்கிறது. நான் போன மாதம் செய்து பார்த்தேன். 35 கிராம் உப்பை அளந்து 965 கிராம் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிக் குடுவையில் விட்டேன். வெளியே ஒரு பெரிய பேசினில் நொறுக்கிய ஐஸும் கல்லுப்பும். அந்தக் காலத்தில் சைக்கிளில் வந்த ஐஸ்கிரீம்காரர் பீப்பாயில் போட்ட அதே கலவை. குடுவையில் ஒரு மரக்கரண்டியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும், பக்கச்சுவர் உறைந்துவிடாமல். இந்தச் சமையல் உப்புக் கரைசலுக்கு உறைநிலை மைனஸ் 2.1ஐ ஒட்டி வரும். என் தெர்மாமீட்டர் மைனஸ் 2.8 காட்டும்வரை தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அப்போது ஐஸ்பெட்டியின் சுவரில் படிந்திருந்த பனித்தூளைக் கத்திமுனையில் சுரண்டி, ஒரு சிட்டிகைக்கும் குறைவாகப் போட்டேன்.

முதல் பத்து விநாடி ஒன்றும் இல்லை. பிறகு டார்ச் வெளிச்சத்தில் ஒரு மினுக்கல், கரண்டியின் பின்னால் இன்னொன்று. ஒவ்வொரு தட்டும் சுழலும்போது ஒரு கோணத்தில் மட்டும் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் மினுக்கி மினுக்கி மறைகிறது. அரை நிமிடத்தில் குடுவை முழுக்க மீன் செதில் உதிர்த்ததுபோல் இருந்தது. தெர்மாமீட்டர் ஏறிக்கொண்டே போய் மைனஸ் 2.1இல் நின்றது. கணக்குப்படி அந்த 0.7 டிகிரி ஏற்றத்துக்கு எட்டு கிராம் பனி. கலக்குவதை நிறுத்தியதும் தட்டுகள் எல்லாம் மெதுவாக மேலே போய்க் கூழாகச் சேர்ந்தன.

நீ செய்யும்போது இரண்டு விஷயம் கவனி. கணினித் திரையை வெள்ளையாக வைத்துக் குடுவைக்குப் பின்னால் நிறுத்து, போலராய்ட் கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு முன்னால் திருப்பித் திருப்பிப் பார். திரை இருண்டு போகும் கோணத்தில் தண்ணீர் கறுப்பாகவும் பனித் தட்டுகள் மட்டும் சாம்பல் வெளிச்சமாகவும் தெரியும். ஆய்வாளர்கள் ஃப்ரேசிலைப் படம் எடுப்பதும் இந்த முறையில்தான். குடுவை கண்ணாடியாகவே இருக்கட்டும், பிளாஸ்டிக் தானே வண்ணம் காட்டிக் குழப்பிவிடும். இன்னொன்று, நம் ஊர் ஈரக்காற்றில் குடுவையின் வெளிப்பக்கம் ஒரு நிமிடத்தில் வியர்த்து மறைத்துவிடும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஒரு துளி துணியில் தேய்த்துத் துடைத்துவிட்டால் தெளிவாகத் தெரியும். தீபாவளி விடுமுறைக்கு வரும்போது நூறில் ஒரு பங்கு டிகிரி காட்டும் தெர்மாமீட்டர் உன் ஆய்வகத்தில் கிடைத்தால் கேட்டு வாங்கி வா. கோடு திரும்பும் இடத்தை இருவரும் சேர்ந்து வரைந்துவிடலாம்.